எங்கே சாப்பிடலாம்? நம் பேரேடு சொல்லும் பதில்



மாத்தூரில் உள்ள என் மொத்தக் கடைக்குப் பொன்னேரி, மீஞ்சூர், மணலி புதுநகர் பக்கமிருந்து சில்லறை வணிகர்கள் சரக்கு எடுக்க வருகிறார்கள். பட்டியலைக் கொடுத்துவிட்டால், மூட்டைகள் கட்டி வண்டியில் ஏறும் வரை அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஓய்வு. அப்போது தவறாமல் ஒரு கேள்வி வரும். "அண்ணாச்சி, இங்கே நம்பிச் சாப்பிட எந்தக் கடை?"

கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மளிகை வணிகத்தில் இருக்கிற எனக்கு, இதற்குப் பதில் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் தயக்கம் வரும். இப்பகுதி உணவுக்கடைகளில் பல என் வாடிக்கையாளர்கள். எந்தக் கடையில் என்ன வேகிறது என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரிவதற்கு முன்பே, சரக்குக் கொடுக்கிற நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

நம்மில் பலர் வீட்டுச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. காலை 5 மணிக்குக் கடை திறக்கிறோம். மதியச் சாப்பாடு 3 மணி, சில நாள் 4 மணி. கடையை விட்டு நகர முடியாததால் பையனை அனுப்பிப் பக்கத்துக் கடையில் பார்சல் வாங்கிக் கல்லாவிலேயே பிரித்துச் சாப்பிடுகிறோம். வயிற்றுப் புண்ணும் சர்க்கரையும் நம் தொழிலில் இவ்வளவு பேருக்கு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே எங்கே சாப்பிடுவது என்பது வெளியூர்க்காரர் கேள்வி மட்டுமல்ல, நம் கேள்வியும்தான்.

நம் பகுதியின் சாப்பாட்டு நேரம்

வடசென்னையில் நல்ல கடையைக் கண்டுபிடிக்க முதலில் நேரம் பார்க்க வேண்டும். இங்கே உணவுக்கடைகள் கடிகாரத்தைவிட ஆலைச் சங்கையே நம்பி வளர்ந்தவை. எண்ணூர் அசோக் லேலண்ட் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத்தான் பிறந்தது. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் 1950-களிலிருந்து திருவொற்றியூரில் உருவானது. மணலியில் சென்னை சுத்திகரிப்பு ஆலை 1969-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் மீன்பிடி துறைமுகம், நடுவில் கண்டெய்னர் லாரிகள். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிப்டு மாறும் நேரங்களே இங்குள்ள கடைகளின் சாப்பாட்டு நேரங்களாக இருந்து வந்துள்ளன.

ஷிப்டு மாறுவதற்கு அரை மணி முன்பு போனால் சூடான சாப்பாடு. ஷிப்டு முடிந்த கூட்டம் போனபின் போனால் அடிப்பானைச் சாப்பாடு. கடை ஒன்றே, உலையும் ஒன்றே. நேரம்தான் வேறு. வெளியூர் வணிகர்கள் 3 மணிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு "கடை சரியில்லை" என்று சொல்வதில் பாதி இதனால்தான்.

மாத்தூர், மணலி சாலைகளில் லாரி ஓட்டுநர்களை நம்பிய கடைகள் அதிகம். இரவு புரோட்டா, பகலில் காரமான சாப்பாடு. ஆந்திர ஓட்டுநர்கள் வருவதால் பருப்புப் பொடி, கோங்குரா, ஊறுகாய் தாராளமாக இருக்கும். வடமாநிலத் தொழிலாளர் குடியேறிய பின்பு ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு போடும் சிறு கடைகளும் வந்துவிட்டன. அதனால் என் கடையிலேயே கோதுமை மாவும் கடுகு எண்ணெயும் தனி வரிசை பிடித்துவிட்டன. இருபது ஆண்டுகளுக்கு முன்பு கடுகு எண்ணெய் கேட்டு ஒருவர் வந்தால் விளக்குக்கா என்று கேட்டிருப்பேன்.

திருவொற்றியூரில் தியாகராஜ சுவாமி, வடிவுடையம்மன் கோயிலைச் சுற்றிச் சைவச் சிற்றுண்டிக் கடைகள். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் அங்கே மாவு ஆட்டி முடியாது. பௌர்ணமி அன்று மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இருப்பதால் விடியற்காலையிலிருந்தே கூட்டம். அன்று ஆட்டுகிற மாவு அன்றே தீரும். சிற்றுண்டி சாப்பிட அதைவிட நல்ல நாள் இல்லை.

காசிமேட்டில் மீன். இதற்கும் காலம் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை, 2017 முதல் 61 நாள். அக்காலத்தில் நாட்டுப் படகு, ஃபைபர் படகு மீன்தான் உள்ளூர் மீன். மற்றது கேரளக் கரையிலிருந்து ஐஸில் வரும், அல்லது குளத்து மீனாக இருக்கும். மே மாதத்தில் ஒரு கடைக்காரர் "இன்றைக்கு வஞ்சிரம் இல்லைங்க, சங்கரா கொஞ்சம் இருக்கு" என்று சொன்னால் அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். பலகையில் எழுதிய எல்லா மீனும் எல்லா நாளும் இருக்கிறது என்று சொல்லும் கடையில் ஐஸ் பெட்டியும் மசாலாவும்தான் வேலை செய்கின்றன. "இல்லை" என்று சொல்லத் துணிந்த கடைக்காரரை நான் என்றும் மதிப்பேன். அது நம் தொழிலுக்கும் பொருந்தும்.

பாரிமுனைப் பக்கம் சரக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு வேறு வகை உண்டு. காய்கறி, பழம், பூ வணிகம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறினாலும், கொத்தவால் சாவடியைச் சுற்றிய தெருக்களில் மளிகை மொத்த வணிகம் தங்கிவிட்டது. அதனால் நம்மவர் நடமாட்டம் அங்கே குறையவில்லை. மின்ட் தெருவில் வடநாட்டுச் சிற்றுண்டி, என்.எஸ்.சி. போஸ் சாலையில் மாலை நேரத்தில் நெய்யும் பொடியும் மணக்கும் சீனா பாய் கடை இட்லி, மண்ணடியில் பிரியாணி என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ருசி.

இவற்றில் வணிகர்கள் நின்று கவனிக்க வேண்டியது, செகண்ட் லைன் பீச் தெருவில் மாலையில் கிடைக்கும் அத்தோ. பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. நம் மக்கள் கட்டிய துணியோடு கப்பல் ஏறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் நம்மைப் போலக் கல்லாவில் உட்கார்ந்திருந்த வணிகர்களும் ஏராளம். ஒரே நாளில் கடையை இழந்தவர்கள் இங்கே வந்து மீண்டும் தொடங்கியபோது கையில் இருந்த முதலீடு, அங்கே சாப்பிட்ட சாப்பாட்டின் பக்குவம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, வறுத்த கடலை மாவு, புளித் தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையால் பிசைந்து கொடுப்பார்கள். மேலே நொறுக்கிய பேஜோ. பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பு. பட்டியலைப் படித்துப் பாருங்கள். முட்டைக்கோஸையும் வாழைத்தண்டையும் தவிர எல்லாம் நம் கடைச் சரக்கு. 1977-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ராயபுரம் கல்மண்டபத்தில் கடைப்பையனாகச் சேர்ந்த நான், மாதம் ஒருமுறை அத்தோ சாப்பிடவே பாரிமுனைக்கு நடந்திருக்கிறேன்.

சுமை தூக்கும் நண்பர்களுக்கு 2013-இல் தொடங்கிய அம்மா உணவகம் பெரிய துணை. 1 ரூபாய் இட்லி, 5 ரூபாய் சாம்பார் சாதம், 3 ரூபாய் தயிர் சாதம் என்று வந்தபோது, பக்கத்து மெஸ்காரர்கள் தொழில் போயிற்று என்று பயந்தார்கள். விலையில் போட்டி போட முடியாது என்று உணர்ந்து ருசியில் கவனம் செலுத்தியவர்கள் நிலைத்தார்கள். சரக்கின் தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்கப் பார்த்தவர்களில் பலர் மூடிவிட்டார்கள்.

பேரேட்டில் தெரியும் அடையாளங்கள்

இனி, நல்ல கடை என்பதை நாம் எப்படி அறிவது என்று பார்ப்போம். பெயர்ப்பலகையும் ஏ.சி.யும் பார்த்து அறிய முடியாது. என் அனுபவத்தில் கண்ட ஐந்து அடையாளங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, உளுந்து. நல்ல உளுந்து மாவு காணும். பழைய உளுந்து எவ்வளவு ஆட்டினாலும் பொங்காது. ஒரு கடைக்காரர் மாதாமாதம் ஒரே ரக உளுந்தைக் கேட்டு வாங்குகிறார் என்றால், மாவு ஆட்டுகிற இடத்தில் முதலாளியின் கண் இருக்கிறது என்று பொருள். சாப்பிடுகிறவர் இதை அறிய, இட்லியைப் பிட்டுக் கொஞ்சம் ஆற விட வேண்டும். ஆறிய பிறகும் மெத்தென்று இருந்தால் உளுந்து சரியாக விழுந்திருக்கிறது. கல்லாக இறுகினால் உளுந்து குறைவு. லேசாக மஞ்சள் தட்டினால் உளுந்துக்குப் பதில் சோடா உப்பு வேலை செய்திருக்கிறது.

இரண்டு, பருப்பு. மைசூர் பருப்போ, பட்டாணிப் பருப்போ கெட்ட பொருள் அல்ல. ஆனால் துவரம் பருப்பு சாம்பார் என்று சொல்லி அதைப் போடக் கூடாது. 2015-இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது, என் உணவுக்கடை வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மைசூர் பருப்புக்கு மாறினார்கள். சிலர் மட்டும் கடைசி வரை மாறவில்லை. அவர்களில் ஒருவர், "அளவைக் குறைச்சுக் காய் கூடப் போடறேன் அண்ணாச்சி, பருப்பை மாத்த மாட்டேன்" என்றார். அந்தக் கடை இன்றும் நடக்கிறது.

மூன்று, எண்ணெய். இது மிக முக்கியம். ஒரு நாளைக்கு எவ்வளவு வடை, பஜ்ஜி, வறுவல் போகிறது என்பது தெருவில் நின்றால் தெரியும். அதற்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். வியாபாரம் கூடியும் எண்ணெய் டின் கூடவில்லை என்றால், வேறு கடையில் வாங்குகிறார், அல்லது பழைய எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்கிறது. திரும்பக் காய்ந்த எண்ணெய் கறுக்கும், கெட்டியாகும், நுரை தள்ளும், சிறு சூட்டிலேயே புகையும். 2018 ஜூலை 1 முதல், பொரித்த எண்ணெயில் 'மொத்தப் போலார் சேர்மம்' என்னும் கழிவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. பயோ டீசல் செய்ய அதை விலைக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. கடைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய முதல் ஆள் எண்ணெய் விற்கிற நாம்தான்.

நான்கு, நிறம். சிக்கன், மீன் வறுவலில் செயற்கை நிறம் சேர்க்க அனுமதி இல்லை. நல்ல மிளகாய்த்தூள் கொடுக்கும் சிவப்பு எண்ணெயில் இறங்கும். பொடி நிறம் கையில் ஒட்டும், கழுவினாலும் சட்டென்று போகாது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்தது கண்டு தமிழக அரசு தடை விதித்ததை நாம் அறிவோம். வறுவல் கடைக்காரர் நம்மிடம் வந்து "கலர் பொடி குடுங்க" என்று கேட்டால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்பது நம் கடமை.

ஐந்து, கல்லா. முதலாளியோ அவர் வீட்டாரோ தங்கள் கடையிலேயே சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். தன் கடைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வரவழைக்கும் முதலாளியின் கடையில் நாம் எதற்காகச் சாப்பிட வேண்டும்?

'ஓட்டல் ரகம்' என்று ஒரு சொல்

இதுவரை உணவுக்கடைக்காரரைப் பற்றிச் சொன்னேன். இனி நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று பலநாள் யோசித்தேன். வயது அறுபதைத் தாண்டியபின் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மொத்தக் கடைகளில் 'ஓட்டல் ரகம்' என்று ஒரு சொல் உண்டு. உடைந்த முந்திரி, நுனி முறிந்த மிளகாய் போன்றவற்றுக்கு அந்தப் பெயர் இருப்பதில் தவறில்லை. அரைக்கிற பொருளுக்கு முழுசு எதற்கு? ஆனால் அதே பெயரில், வீட்டுக்காரர் வாங்க மறுக்கும் நாள்பட்ட சரக்கையும் நாம் தள்ளிவிடுகிறோம். "வீட்டுக்கா, ஓட்டலுக்கா?" என்று கேட்டுவிட்டு மூட்டையை மாற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

1998 மழைக்காலம். அப்போது மாத்தூரில் கடை வைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. குடோனில் அடி வரிசை மைதா மூட்டைகள் நான்கு ஈரம் ஏறிவிட்டன. பிரித்தால் மக்கிய வாடை. வண்டும் இருந்தது. வெயில் வந்ததும் காயவைத்துச் சலித்து, ஓர் ஆலை வாசலில் இருந்த மெஸ்ஸுக்கு விலை குறைத்துக் கொடுத்தேன். புரோட்டாவுக்குத்தானே, எண்ணெயில் வேகும்போது வாடை போய்விடும் என்று நினைத்தேன். அந்த மெஸ்காரரும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார். எனக்கு அவரிடம் பழைய நிலுவை இருந்தது. அவருக்கு அந்த மாதம் ரொக்கம் இல்லை. இருவர் வாயும் அடைத்துப் போயிற்று.

அந்த வாரமே என் கடையில் மூட்டை தூக்கும் ஒருவர் இரவு அங்கே சாப்பிட்டுவிட்டு வாந்தி, பேதியில் விழுந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மைதாவாலா, பழைய குருமாவாலா, தண்ணீராலா என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தார். மூட்டை தூக்கத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்தவர், என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"மொதலாளி, அந்த மெஸ்ஸுக்கு நம்ம மைதாதானே போவுது?"

அவர் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. நம் சரக்குப் போகிற கடை, நம்பிச் சாப்பிடலாம் என்று நினைத்துத்தான் போனேன் என்பதைச் சொல்ல வந்தார். அந்த மூட்டைகளைக் காயவைத்துச் சலித்ததே அவர்தான். அவை எந்தக் கடைக்குப் போயின என்பதுதான் அவருக்குத் தெரியாது. நான் பதில் சொல்லவில்லை. பேரேட்டைத் திறந்து ஏதோ கணக்குப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். அன்றைக்கு இருந்த கூச்சம் இன்றும் போகவில்லை.

அன்று முதல் என் கடையில் ஒரு விதி. என் வீட்டுச் சமையலறைக்குப் போகத் தகுதியில்லாத சரக்கு எந்த உணவுக்கடைக்கும் போகாது. ஈரமேறிய மைதா இப்போது சுவரொட்டிப் பசை காய்ச்சுகிறவர்களுக்குப் போகிறது. நட்டம் உண்டு. ஆனால் அது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் வெட்கமாக இருக்கும்.

ஒரு கணக்கு

ஒரு சிறு கடையில் நாளொன்றுக்கு 12 கிலோ இட்லி அரிசி, 3 கிலோ உளுந்து என்று வைத்துக்கொள்வோம். சுமார் 600 இட்லி வரும். நல்ல உளுந்துக்கும் மட்ட உளுந்துக்கும் கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம் என்றால், ஒரு நாளைக்கு 45 ரூபாய். அதை 600 இட்லிக்குப் பங்கிட்டால் ஓர் இட்லிக்கு ஏழரைக் காசு. நல்ல உளுந்து கூடுதலாக மாவு காணும் என்பதைச் சேர்த்தால் அதுவும் வராது. ஏழரைக் காசுக்காக ஒரு கடை தன் பெயரைக் கெடுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கை எழுதிக் காட்டினால் உணவுக்கடைக்காரர்களில் பலர் நல்ல ரகத்துக்கு மாறிவிடுவார்கள். நான் காட்டியிருக்கிறேன், மாறியிருக்கிறார்கள். மட்ட ரகம் அவர்கள் கேட்டு மட்டும் போவதில்லை. நாம் தள்ளியும் போகிறது.

கடன் கொடுக்கும்போது

மேலே சொன்ன மெஸ் அடுத்த ஆண்டு மூடப்பட்டது. ஆலையில் கதவடைப்பு வந்தது. சாப்பிட்டவர்கள் கணக்குத் தீர்க்கவில்லை, மெஸ்காரர் என் கணக்கைத் தீர்க்கவில்லை. 18,000 ரூபாய் நிலுவை. அக்காலத்தில் எனக்கு அது பெரிய தொகை. ஒரு காலையில் கதவு பூட்டியிருந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. அடையாளங்கள் எல்லாம் முன்பே என் பேரேட்டில் இருந்தன. படிக்காதது நான்.

டின்னாக எண்ணெய் வாங்கியவர் பாக்கெட்டாக வாங்கத் தொடங்கினார். வாரப் பட்டியல் தினப் பட்டியல் ஆயிற்று. உளுந்து ரகம் இறங்கியது. துவரம் பருப்பு நின்றது. உப்பு, மிளகாய் என்னிடம் கடனுக்கு, அரிசி வேறொரு கடையில் ரொக்கத்துக்கு. கல்லாவில் அவருக்குப் பதில் வேறு ஆள். இவ்வளவும் மூன்று மாதத்தில் நடந்தது. ஒரு கடையின் சாப்பாடு கெடுவதும் அதன் கடன் கெடுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஆகவே, எந்தக் கடையில் நீங்கள் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட மாட்டீர்களோ, அந்தக் கடைக்குக் கடன் நீட்டாதீர்கள். எங்கே மனம் ஒப்பிச் சாப்பிடுகிறீர்களோ, அந்தக் கடைக்காரர் ஒரு மாதம் தடுமாறினால் கைவிடாதீர்கள். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே.

நடைமுறையில் நான் கடைப்பிடிப்பது இது. ஒரு பில் தீர்ந்தால்தான் அடுத்த பில். ஆலைத் தொழிலாளரை நம்பிய மெஸ்களுக்கு மட்டும், சம்பளம் வரும் 7, 10 தேதிகளை ஒட்டித் தவணை. 1936-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்திலிருந்து அந்தத் தேதிகள் வழக்கமாக வந்தவை. தடைக்காலத்தில் மீன் கடைகளுக்கு ஜூன் பாதி வரை பொறுத்திருக்கிறேன். இரண்டு மாதம் ஒன்றாம் தேதிக்கு வராத பணம் ஜூலையில் தானாக வந்திருக்கிறது. "கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை மாட்டுகிறோம். காலம் தெரிந்து கொடுத்த கடன் அன்பை வளர்த்ததையும் பார்த்திருக்கிறேன்.

பெரிய மொத்த அங்காடிகளும், போனில் பதிவு செய்தால் வந்து கொடுக்கும் நிறுவனங்களும் உணவுக்கடை வணிகத்தைப் பிடித்து வருகின்றன. விலையில் அவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. ஆனால் காலை 5 மணிக்கு உளுந்து தீர்ந்துவிட்டது என்றால் 2 கிலோவைச் சைக்கிளில் கொடுத்தனுப்புவது நாம்தான். "இந்த லாட் மாவு காணாது, அடுத்த லோடு வரட்டும்" என்று சொல்லக்கூடியவர்களும் நாம்தான். அந்த ஒரு வார்த்தைதான் நம் மூலதனம். அதை நான்கு மைதா மூட்டைக்கு விற்றுவிடக் கூடாது.

பில்லைப் பார்த்து வாங்குங்கள்

சாப்பிடப் போகிறவர்கள் சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் உள்ளது. தள்ளுவண்டி முதல் பெரிய ஓட்டல் வரை பதிவோ உரிமமோ பெற வேண்டும். 14 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். 2022 ஜனவரி முதல் அந்த எண் பில்லில் இருக்க வேண்டும். இது நமக்கும் உண்டு. நம் பில்லில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இரண்டாவது ஜி.எஸ்.டி. சாதாரண உணவகங்களுக்கு 2017 நவம்பர் 15 முதல் 5 சதவீதம். காம்போசிஷன் முறையில் உள்ள சிறு உணவகங்கள் தங்கள் விற்பனையிலிருந்து வரி கட்ட வேண்டுமே தவிர, சாப்பிடுகிறவரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. பில்லில் காம்போசிஷன் என்று அச்சிட்டுவிட்டு அடியில் வரியும் போட்டிருந்தால் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் தெரியாமல் செய்ததாகவே இருக்கும். சொல்லிக் கொடுத்தால் திருத்திக்கொள்வார்கள்.

முடிவாக

"அண்ணாச்சி, நம்பிச் சாப்பிட எந்தக் கடை?" என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் எப்படிப் பதில் சொல்கிறேன் தெரியுமா? கடைப் பெயரைச் சொல்வதற்கு முன் பேரேட்டை ஒருமுறை புரட்டுகிறேன். கடந்த வாரம் யார் எந்த உளுந்து எடுத்தார், எத்தனை டின் எண்ணெய் போயிற்று என்று பார்த்துவிட்டு, அந்த நேரத்துக்கு எங்கே சூடாக இருக்கும் என்றும் யோசித்துத்தான் அனுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து "நல்லா இருந்துச்சு" என்று அவர் சொல்லும்போது, அதில் ஒரு பங்கு எனக்கும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். நன்றாக இல்லை என்று சொன்னாலும் ஒரு பங்கு எனக்கு உண்டு.

மூட்டை தூக்கிய அந்த நண்பர் இப்போது ஓய்வில் இருக்கிறார். எப்போதாவது கடைப்பக்கம் வருவார். மதியம் ஆனால் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு சாப்பாடு வாங்கி வரச் சொல்லி, இருவரும் குடோன் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தக் கடைக்கும் நம் சரக்குத்தான் போகிறது.